திரை உறைவது ஏன்?



சேலத்திலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் இராயக்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றின்மேல் ஒரு பழங்கோட்டை உண்டு. 1791-ஆம் ஆண்டில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலப் படை கைப்பற்றிய கோட்டை அது. இன்று அவ்வூரைப் பலர் அறிந்திருப்பது அதன் தக்காளிச் சந்தையால்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அவ்வூரில் என் தங்கையின் குடும்பம் வாழ்கிறது. சென்ற கோடையில் அவள் வீட்டில் நேர்ந்த ஒரு சிறு தொல்லையை முன்னிட்டே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

தங்கையின் மகன் பாலிடெக்னிக் மாணவன். இயந்திரப் பொறியியல் பயில்கிறான். வரைபடப் பாடத்திற்காக அவனுக்கு ஒரு கணிப்பொறி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். படிப்பு முடிந்த மாலைவேளையில் அவன் அதிலே காரோட்டும் பந்தய விளையாட்டு ஆடுவான். கோடை தொடங்கியதும் ஒரு புதுத் தொல்லை தலைகாட்டிற்று. ஆடத் தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சிறுசிறு கட்டங்கள் தோன்றும். பிறகு ஓடுகின்ற கார் ஓடியபடியே உறைந்து நிற்கும். ஒலிபெருக்கி மட்டும் ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப முழக்கும். விசையை அழுத்தி அணைப்பதைத் தவிர வேறு வழி இராது. நாளடைவில் வரைபட வேலையின் நடுவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஒருநாள் மூன்று மணி நேரம் வரைந்த படம் சேமிக்கப்படாமல் அழிந்துபோயிற்று.

நான் சென்றிருந்தபோது அவன் வாடிய முகத்தோடு வந்தான். "மாமா, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதாம். புதிதாக வாங்கினால்தான் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்" என்றான். விலை ரூபாய் 22,000. அடுத்த பருவத்துக் கல்லூரிக் கட்டணத்திற்கென்று எடுத்துவைத்த பணத்தைத் தவிர வீட்டில் வேறு பணம் இல்லை. வாங்கிவிடலாம், கட்டணத்திற்கு நான் பொறுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குமுன் நானே ஒருமுறை சரிசெய்து பார்க்கலாமே என்னும் ஆசையும் எழுந்தது. அன்றிரவே புதிய டிரைவரை ஏற்றினேன். விளையாட்டின் படத்தரத்தைக் குறைத்தேன். கேபினெட்டைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி வைத்தேன். அன்றிரவு திரை உறையவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. மறுநாள் மாலை தொல்லை மீண்டும் வந்தது. மூன்று மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்துவிட்டதால், எது பயன் தந்தது, எது தரவில்லை என்று என்னால் கூற இயலவில்லை. நான் செய்த பிழை இதுதான். இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், திரையில் படம் எப்படித் தோன்றுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நீங்கள் காணும் திரை நுண்ணிய புள்ளிகளால் ஆனது. இன்று வீடுகளில் பரவலாக உள்ள மானிட்டரில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விளையாட்டில் அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமாயின் நொடிக்கு 60 படங்கள் வேண்டும். ஆக, நொடிதோறும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் குறிக்க வேண்டும். கார் எங்கே இருக்கிறது, எவ்வளவு விரைவில் செல்கிறது என்பதைக் கணக்கிடுவது புராசஸர். அக்கணக்கைக் கொண்டு புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. தீட்டிய படத்தைக் காட்டுவது மானிட்டர்.

இவற்றிடையே டிரைவர் என்னும் நிரல் ஒன்று உண்டு. இராயக்கோட்டைச் சந்தையில் கன்னட வணிகருக்கும் தமிழ் உழவருக்கும் நடுவே நின்று இருமொழியும் பேசித் தருபவரைப் போன்றது அது. விளையாட்டு சொல்வதைக் கார்டுக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுக்கும். இவர் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால், வணிகரும் உழவரும் குற்றமற்றவராயினும் பேரம் கெட்டுவிடும் அன்றோ? இவர்கள் அனைவருக்கும் உணவளிப்பது எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் வழங்கும் மின்வழங்கி. அது வீட்டின் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. வேலை செய்வோரின் உடற்சூட்டைத் தணிப்பவை விசிறிகள். இத்தனை உறுப்புகளுள் எது பிழைத்தாலும், அப்பிழை நம் கண்ணுக்குப் புலப்படும் இடம் திரை ஒன்றே. பிழை தோன்றும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நிறக்கட்டங்கள் ஏன் தோன்றுகின்றன என்று பார்ப்போம். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவாகக் கார்டின் நினைவகத்தில் எழுதப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண். அது எட்டு இலக்கங்களில், சுன்னமும் ஒன்றுமாக எழுதப்படும். ஒரு புள்ளியின் சிவப்பளவு 5 என்று கொள்ளுங்கள். அது 00000101 என எழுதப்பட்டிருக்கும். சூட்டினாலோ மின்குறைவினாலோ அதன் முதல் இலக்கம் மட்டும் புரண்டு 1 ஆகிவிட்டால், 5 என்பது 133 ஆகிவிடும். கருமையாயிருந்த புள்ளி திடீரெனச் சிவந்து நிற்கும். இப்படிப் பல புள்ளிகள் ஒருங்கே புரளும்போது நாம் கட்டங்களையும் கோடுகளையும் காண்கிறோம்.

திரை உறைவதற்குக் காரணம் வேறு. கட்டளை பெற்ற கார்டு மறுமொழி தராமல் வாளாவிருந்தால், விண்டோஸ் 2 நொடி வரை காத்திருக்கும். பிறகு டிரைவரை மீண்டும் தொடக்கிப் பார்க்கும். அது கைகூடினால் திரை ஒருகணம் இருண்டு மீளும். கைகூடாவிடில் உறைந்தபடியே நிற்கும். ஒலிப்பகுதியோ தன் கையில் கடைசியாகக் கிடைத்த சிறு துண்டையே திரும்பத் திரும்ப வாசிக்கும். நாம் கேட்கும் அந்த முழக்கம் அதுவே.

திரையில் காணும் விகாரம் யாவும் நோயென்று கருதிவிடவும் கூடாது. விரைந்து திரும்பும்போது படம் குறுக்கே கிழிந்து, மேற்பாதி ஒருபுறமும் கீழ்ப்பாதி மறுபுறமும் விலகித் தோன்றுவதுண்டு. மானிட்டர் ஒரு படத்தைப் பாதி காட்டிக்கொண்டிருக்கும்போதே கார்டு அடுத்த படத்தைத் தள்ளிவிடுவதால் நேர்வது அது. இரண்டின் தாளத்தையும் ஒன்றாக்கும் வி-சிங்க் என்னும் அமைப்பை இயக்கினால் அது மறைந்துவிடும். அதற்காக எவரும் பணம் செலவிட வேண்டியதில்லை.

மீண்டும் இராயக்கோட்டைக்கு வருவோம். என் தங்கையின் கணவர் ஓசூரில் ஒரு பொறித்தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக வேலை செய்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மச்சான், எங்கள் ஆலையில் கடைசல் இயந்திரம் நின்றால் முதலில் மோட்டாரையா மாற்றுகிறோம்? எப்போது நின்றது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நோட்டில் எழுதுவோம். பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். காசில்லாத சோதனை முதலில், காசுள்ள சோதனை கடைசியில்" என்றார். பையனிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, மணி, அறையின் நிலை, கார்டின் வெப்பம், நிகழ்ந்தது என்று நான்கு பத்தி பிரிக்கச் சொன்னார். நான் மாற்றிவைத்த மூன்றையும் பழையபடியே ஆக்கிவிட்டுத் தொடங்கினோம்.

முதற்சோதனைக்கு ஒரு காசும் ஆகவில்லை. நிறக்கட்டங்கள் தோன்றும் கணத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கருவியில் பார்க்க வேண்டும். அந்தப் படத்திலும் கட்டங்கள் இருந்தால், பிழை கார்டிலோ அதற்கு முன்னுள்ள உறுப்புகளிலோ பிறந்தது. படம் தூயதாக இருந்தால் பெரும்பாலும் பிழை கேபிளிலோ மானிட்டரிலோ இருக்கும். பையன் எடுத்த படத்தைத் தாயின் கைபேசியில் பார்த்தோம். கட்டங்கள் அங்கும் இருந்தன. மானிட்டரும் கேபிளும் குற்றமற்றவை என்று நோட்டில் எழுதினோம்.

இரண்டாவது, கணிப்பொறியைத் தொடக்கும்போது முதலில் வரும் நிறுவனச் சின்னத்தை உற்றுப் பார்த்தோம். அப்போது விண்டோஸும் டிரைவரும் விளையாட்டும் இன்னும் எழவில்லை. அந்நிலையிலேயே கறையும் கட்டமும் தெரிந்தால் நிரல்கள்மீது பழி சொல்ல இயலாது. கார்டின்மீது ஐயம் வலுக்கும். எங்கள் சின்னம் தெளிவாக இருந்தது. கார்டு இறந்துவிட்டது என்னும் தீர்ப்பை அப்போதே சற்று ஒத்திவைத்தோம்.

மூன்றாவது, நிரல்கள். விளையாட்டின் கோப்புகள் பழுதின்றி உள்ளனவா என்று சரிபார்க்கும் வசதி ஸ்டீம் போன்ற தளங்களில் உண்டு. அதை இயக்கினோம், பழுதில்லை. மறுநாள் டிரைவரை முற்றும் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினோம். தொல்லை மாறவில்லை. டிரைவர்தானே என்று அதை எளிதாக எண்ணிவிடவும் கூடாது. 2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட 196.75 என்னும் டிரைவரில் ஒரு பிழை இருந்தது. விசிறியின் வேகத்தை அது சரிவர உயர்த்தாமையால் கார்டுகள் சூடேறின என்று புகார்கள் எழுந்தன; நிறுவனம் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிரலில் நேர்ந்த ஒரு சறுக்கல், இரும்பையும் சிலிக்கனையும் சுடும் அளவுக்குச் சென்றது.

நான்காவது, வெப்பம். கார்டின் வெப்பத்தைக் காட்டும் இலவச நிரல்கள் பல உள்ளன. விளையாடும்போது 65 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை காட்டுவது பெரும்பாலான கார்டுகளுக்கு இயல்பு. எங்கள் கார்டு 91 காட்டிற்று. கேபினெட்டைத் திறந்தோம். சாலைப் புழுதியும் வீட்டுத் தூசியும் சேர்ந்து கார்டின் உலோக இதழ்களைப் போர்வைபோல் மூடியிருந்தன. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையாலும் புளோயராலும் தூசியை அகற்றினோம். மறுமுறை ஆடியபோது வெப்பம் 76-க்கு இறங்கிற்று. நிறக்கட்டங்கள் மறைந்தன! பையன் துள்ளினான்.

ஆயினும் அன்று மாலை 8 மணிக்குத் திரை மறுபடியும் உறைந்தது. கட்டங்கள் இல்லை, உறைவு மட்டும் இருந்தது. எங்களிடம் இருந்தவை இரண்டு நோய்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஒன்று நீங்கியது, மற்றொன்று அதன் நிழலில் மறைந்திருந்தது. முதல்நாள் நான் குழம்பியதற்கும் இதுவே காரணம்.

இங்கே நோட்டு பயன்பட்டது. உறைவுகளையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அத்தனையும் மாலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் நிகழ்ந்திருந்தன. விடியற்காலையில் ஆடிய ஒருநாளும் உறையவில்லை. மாலையில் அறை வெம்மையாக இருப்பதாலோ என்று ஐயுற்றோம். அவ்வாறாயின் வெயில் கொளுத்தும் பிற்பகல் 2 மணிக்கு இன்னும் விரைவாக உறைய வேண்டுமே! ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்நேரத்தில் ஒன்றரை மணி ஆடவைத்தோம். உறையவில்லை. எனவே வெப்பம் அன்று. மாலையில் மட்டும் மாறுவது எது?

விடையைச் சொன்னவள் என் தங்கை. "அண்ணா, அந்த நேரத்தில் மிக்சிகூட மெதுவாகத்தான் சுற்றும். சட்டினி அரைபடவே நேரமாகும்" என்றாள். கணிப்பொறியைக் கையால் தொட்டறியாதவள் சொன்ன அந்த ஒரு சொல்லில் முடிச்சு அவிழ்ந்தது. அவர்கள் வீடு தெருவின் கடைசி வீடு. மின்மாற்றியிலிருந்து வரும் கம்பி நீண்டது. கம்பிக்கு மின்தடை உண்டு. மாலையில் எல்லா வீடுகளும் மின்சாரத்தை இழுக்கும்போது, மின்னோட்டம் பெருக, கம்பியில் இழக்கும் வோல்டேஜும் பெருகும். நீங்கள் வகுப்பில் படிக்கும் ஓமின் விதி அந்தத் தெருவில் மாலைதோறும் நடந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஆலைப் பயிற்சி உள்ளவராதலின் மல்டிமீட்டரால் அளந்தார். காலையில் சுவர்ப்பிளக்கில் 226 வோல்ட். இரவு எட்டுக்கு 188. நல்ல நிலையிலுள்ள எஸ்.எம்.பி.எஸ். இக்குறைவைத் தாங்கிக்கொள்ளும். எட்டாண்டு உழைத்துத் தளர்ந்த ஒன்றால் தாங்க இயலாது. 12 வோல்ட் கிளையில் 5 விழுக்காடு வரை ஏற்றக்குறைவு இருக்கலாம் என்பது வகுக்கப்பட்ட அளவு, அதாவது 11.4-க்குக் கீழே இறங்கலாகாது. எங்களுடையது மாலையில், விளையாட்டின் நடுவே, 11.2 காட்டிற்று. 180 வாட் வேண்டும் கார்டு 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். உணவு குறைந்த வேளையில் சுமை ஏறினால் தொழிலாளி மயங்கி விழாமல் என் செய்வான்?

அண்டை வீட்டு மாணவனின் எஸ்.எம்.பி.எஸ்ஸை இரவல் வாங்கி மாட்டினோம். அதைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. மூன்று மாலைகள் ஆடியும் உறையவில்லை. நான் வெற்றி என்றேன். மாப்பிள்ளையோ, "பழையதைத் திரும்ப மாட்டு, உறைகிறதா பார்ப்போம்" என்றார். மாட்டினோம், அன்றிரவே உறைந்தது. நோயை வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டும்போது போக்கவும் முடிந்தபின்னரே காரணத்தைக் கண்டோம் என்று அவர் ஒப்பினார். புதிய எஸ்.எம்.பி.எஸ். ரூபாய் 3,200-க்குக் கிடைத்தது. இறந்ததாகச் சொல்லப்பட்ட கார்டு இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. கட்டணப் பணமும் கல்லூரிக்கே சென்றது.

தோற்றத்தை நம்பி ஏமாறுவது நம்மைப் போன்ற எளியோர் மட்டும் அல்லர். இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறைக் கோர் புராசஸர்கள் சிலவற்றில் விளையாட்டுகள் இடையே முறிந்து நின்றன. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று திரையில் அறிவிப்பு வந்தது. நினைவகம் நிறைய இருந்தவர்களுக்கும் அதே அறிவிப்பு! ஆகவே பலர் கார்டையே ஐயுற்றனர். உண்மையில் குற்றம் புராசஸரில் இருந்தது. அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜ் அதற்குச் செல்வதாக 2024-ஆம் ஆண்டு ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் அதைத் திருத்தும் மைக்ரோகோடை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. குறைந்த வோல்டேஜ் எங்கள் கணிப்பொறியை நிறுத்தியது. மிகுந்த வோல்டேஜ் அவர்களுடையதைக் கெடுத்தது. இரண்டிலும் பழி சுமந்தது கிராபிக்ஸ் கார்டே.

கார்டே குற்றவாளியாக இருந்த நிகழ்ச்சியும் உண்டு. 2021-இல் அமேசானின் நியூ வேர்ல்டு என்னும் விளையாட்டை ஆடியபோது ஈ.வி.ஜி.ஏ. நிறுவனத்தின் விலையுயர்ந்த கார்டுகள் சில செயலிழந்தன. விளையாட்டின்மீது முதலில் பழி விழுந்தது. அந்தக் கார்டுகளில் பற்றவைப்பு செம்மையாக இல்லை என்று அவற்றைச் செய்த நிறுவனமே பின்னர்க் கூறிற்று. ஆதலால் கார்டு எப்போதும் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. கார்டையே வேறொரு கணிப்பொறியில் பொருத்திப் பார்த்து, அங்கும் அதே நோய் தோன்றினால், அப்போது தீர்ப்பு எழுதலாம்.

உங்கள் வீட்டில் இத்தொல்லை நேர்ந்தால், முதலில் எழுதுங்கள். பிறகு ஸ்கிரீன்ஷாட், நிரல்கள், வெப்பம், மின்சாரம், ராம் நினைவகம், கார்டு என்னும் வரிசையில் ஒவ்வொன்றாக நோக்குங்கள். மடிக்கணினியாயின் அதை மெத்தையின்மேல் வைக்காதீர்கள். அதன் மூச்சுத்துளைகள் அடைபடும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதனுள்ளே உள்ள மின்தேக்கிகளில் உயிரைக் குடிக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும். மின்சாரம் ஓடும் இடத்தில் அளக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

அந்தப் பழைய நோட்டை என் மருமகன் இன்னும் வைத்திருக்கிறான். அதன் கடைசிப் பக்கத்தில், "ஒரு சமயத்தில் ஒன்று" என்று தந்தையின் சொல்லை எழுதிவைத்திருக்கிறான். நாளை அவன் ஓசூரில் ஓர் ஆலையில் நின்றுபோன இயந்திரத்தின்முன் நிற்பான். விளையாட்டுக் கணிப்பொறி கற்றுக்கொடுத்த அப்பாடம் அங்கே அவனுக்குக் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.